கருப்பாயியின் மானமும் என் மீசையும்

1995 பிப்ரவரி 7, செவ்வாய்

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போகும் வரலாற்றை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இதனால் சத்தியம் செய்து கொடுக்கிறேன். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரை உடனே டாக்டரிடம் காட்டுவது நல்லது. சாந்தாமணி நிச்சயம் நம்பமாட்டாள். என்னைக் கட்டிக்கொண்ட பதினெட்டு வருடத்தில், மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மில்பிடாஸ் மாநகரில், இரண்டு கார் நிற்க வேண்டிய என் கராஜில், ஒரு கார்கூட நிற்காமல், கருப்பாயி வாழ்கிறாள். நீளம் நாற்பது அடி. (சரி. நான்கு அடி. அளக்கும்போது சுருண்டுகொண்டாள்.) இந்த வகைக்கு இங்கே சோளப்பாம்பு என்று பெயர். சோளம் தின்னாது, எலி தின்னும். விஷம் கிடையாது. சாதாரணமாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். என் கருப்பாயியோ கறுப்பும் சாம்பலும். உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போன கோடையில் அவளை வாங்கிய கடையில் அன்று தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

திட்டம்: கருப்பாயிக்கு மாப்பிள்ளை பார்ப்பது. கறுப்புக் குட்டிகளாக வரவழைப்பது. பே ஏரியாவின் கறுப்புப் பாம்புச் சக்கரவர்த்தியாக நான் முடிசூட்டிக்கொள்வது.

பிப்ரவரி 12, ஞாயிறு

லிவர்மோர் வால்டருக்கு போன் செய்தேன். ஓய்வு பெற்ற வெல்டர். வீடு முழுக்கப் பாம்பு. கருப்பாயியை முட்டையிலிருந்து பொரிக்கவைத்துக் கடைக்கு விற்றதே அவர்தான். அவளோடு பிறந்த தம்பி, அதே கறுப்பு, இன்னும் அவரிடம் இருக்கிறானாம். "ஜஸ்ட் பேர் தெம் அப்" என்றார். சேர்த்துவிட்டால் போதும், குட்டி எல்லாம் கறுப்பாகவே வரும், பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் என்றார்.

இதைச் சாந்தாமணியிடம் சொன்ன நேரம் சரியில்லை. கையில் தோசைத் திருப்பி இருந்தது.

"ஏனுங் மாமா, அக்காளையும் தம்பியையுமா? என்ற ஊட்லயா?"

"பாம்புக்கு அதெல்லாம் தெரியாது, சாந்தா."

"பாம்புக்குத் தெரியாட்டிப் போகுது. எனக்குத் தெரியுமல்லோ? வேற கூட்டத்துல பாருங்க. இல்லாட்டி நாளைக்கே ரெண்டு பேரும் கண்ணாடிப் பொட்டியத் தூக்கிட்டு வெளிய போயிருங்க."

ரெண்டு பேர் என்றது கருப்பாயியையும் என்னையும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே "என்ன கூட்டம்?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை மாதிரி. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். அத்தை மகன், மாமன் மகள் என்றால் முறை, தாராளமாகக் கட்டலாம். சாந்தாமணியே என் மாமன் மகள்தான். இந்தச் சட்டத்தை அவள் பசிபிக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து, ஊர்வனவற்றுக்கும் சேர்த்து அமல்படுத்திவிட்டாள்.

பிப்ரவரி 18, சனி

மலை தாண்டி லிவர்மோர். எதிர்க்காற்றில் என் டொயோட்டா இரண்டு முறை பறந்தது.

"சொந்தமே இருக்கக் கூடாது, வால்டர். வேற குடும்பம். வைஃப் ஆர்டர்."

வால்டர் தாடியைச் சொறிந்தார். "நோ ரிலேஷன் அட் ஆல்? ஐ காட் ஜஸ்ட் த கை." அதற்கேற்ற ஆள் இருக்கிறான் என்று உள்ளே போய் ஒருவனைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். அடடா! கருப்பாயியைப் போலவே கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

"பட் லிஸன், சேனா. யுவர் கேர்ள் இஸ் டைப் ஏ. திஸ் ஒன் இஸ் டைப் பி. ஸோ…"

"வெரி குட், வெரி குட்" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். ரத்த குரூப் வரைக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்கிறாரே, நம் ஊர் ஜோசியர்கள்கூட இவ்வளவு தூரம் போகமாட்டார்கள். அதுவும் தவிர மணி பன்னிரண்டு. சிவா விஷ்ணு கோயிலில் புளியோதரை தீர்வதற்குள் நான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

மாப்பிள்ளைக்குக் கரிகாலன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கால் இல்லாததை ஒரு குறையாக நினைக்கவில்லை.

மார்ச் 25, சனி

திருமணம் இனிதே நடந்தது. இடம்: கராஜ். சாந்தாமணி குங்குமம் வைத்தாள், பெட்டிக்கு.

திருமூர்த்தி வந்திருந்தான். உடுமலைக்காரன்; சான்டா கிளாராவில் சிப் வரைகிறான்; ஆறடி உயரம்; மண்புழுவைக் கண்டால் சோபாமேல் ஏறுவான். போன மாதம் ஐஸ் எடுக்க எங்கள் ஃப்ரீசரைத் திறந்தவன், துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் உறைந்த எலி ஒன்று தன்னையே பார்ப்பதைப் பார்த்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இன்றும் சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"ரெண்டும் கறுப்பு, மச்சா. பொறக்கறது அத்தனையும் கறுப்பு" என்றேன்.

"எப்படிச் சொல்றே?"

பத்தாம் வகுப்பில் தமிழ் மீடியத்தில் படித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. ஓங்கு பண்பு சபை நடுவில் சத்தம் போடும். ஒடுங்கு பண்பு மூலையில் வாயை மூடி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. இரண்டு பங்கும் ஒடுங்கியதாக இருந்தால் மட்டுமே கறுப்பு வெளியே தெரியும். ஒரு பங்கு ஓங்கியதாக இருந்தாலும் போதும், ஆரஞ்சுதான். கருப்பாயி கறுப்பு, கொடுக்க அவளிடம் ஒடுங்கிய பங்கைத் தவிர வேறில்லை. கரிகாலனும் அப்படியே. ஆகவே குட்டி எல்லாம் கறுப்பு. இதில் தவறு நேர்ந்தால் சூரியன் மேற்கே உதிக்க வேண்டும்.

"ஒண்ணு ஆரஞ்சா வந்தாக்கூட இந்த மீசைய எடுத்துடறேன்!"

"மாப்ளே, எழுதிக் குடு."

பேப்பர் தட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாதாரண மீசையா இது! இதைப் பார்த்துப் பயந்துதான் விசா அதிகாரி எனக்கு எச்1 குத்திக் கொடுத்தார்.

ஜூன் 3, சனி

நூற்று நாற்பது முட்டைகள்!

(பதினான்கு.) ஈரப்பாசி போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் அடைகாக்க வைத்திருக்கிறேன். சாந்தாமணி தினமும் இரண்டு முறை மூடியைத் திறந்து பார்க்கிறாள். நான் பார்த்தால் மூடிவிட்டுத் துணி மடிக்கிறாள்.

ஆகஸ்ட் 5, சனி

பதினேழு விருந்தினர். கேசரி, வடை. நான் பட்டு வேட்டி. பதினோரு மணிக்கு முதல் முட்டையில் கீறல் விழுந்தது. மூக்கு வந்தது. தலை வந்தது.

ஆரஞ்சு.

அடுத்தது ஆரஞ்சு. அதற்கடுத்தது… எழுத முடியவில்லை. பதினான்கும் ஆரஞ்சு. தக்காளிச் சாதம் சிந்தியது போல டப்பா முழுக்க ஆரஞ்சு.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து திருமூர்த்தியின் குரல் வந்தது.

"ஏன் மாப்ளே… கருப்பாயி கடையில இருந்தப்ப, பொட்டிக்குள்ள அவகூட வேற யாராச்சும் இருந்தாங்களா?"

வெடித்தது சிரிப்பு. கேசரி எல்லாம் சிதறியது. பதினேழு பேரும் சிரித்தார்கள். அவர்களை அழைத்ததே நான்தான்.

கடையில் அவளோடு இரண்டு ஆரஞ்சுப் பையன்கள் இருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மீசை போயிற்று. சாந்தாமணி என் மேலுதட்டை முதன்முறையாகப் பார்த்தாள். "இதுக்குத்தான் வெச்சிருந்தீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி என் பேட்ஜையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஸார், யுவர் பிரதர் வொர்க்ஸ் ஹியர்?" என்றார்.

ஆகஸ்ட் 9, புதன்

வால்டரிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவும் வேண்டும், கேட்டிருக்கவும் கூடாது.

முதலில் நல்ல செய்தி. டைப் ஏ, டைப் பி என்றது ரத்தம் இல்லை. கறுப்பிலேயே இரண்டு விதம். அதைத்தான் சொல்ல வந்தாராம், நான்தான் புளிச்சோறு என்று ஓடிவிட்டேனாம்.

எனக்குப் புரிந்தபடி எழுதி வைக்கிறேன். ஆரஞ்சு நிறம் என்பது காபி மாதிரி. தூளும் வேண்டும், பாலும் வேண்டும். கருப்பாயி தூள் இல்லாத வீடு. கரிகாலன் பால் இல்லாத வீடு. விருந்தாளியாகப் போகிறவனுக்கு இரண்டு வீட்டிலும் தெரிவது ஒன்றுதான்: காபி இல்லை. நான் அந்த விருந்தாளி. இரண்டும் ஒரே இல்லாமை என்று நினைத்துவிட்டேன். குட்டிகளுக்கு அம்மா வீட்டிலிருந்து பால் வந்தது, அப்பா வீட்டிலிருந்து தூள் வந்தது. பதினான்கு டம்ளரிலும் நுரை தளும்ப ஆரஞ்சுக் காபி!

கருப்பாயியின் தம்பியையே சேர்த்திருந்தால்? இருவருமே தூள் இல்லாத வீடு. அத்தனையும் கறுப்பாகப் பிறந்திருக்கும். வேறு கூட்டத்தில் கட்டியதால்தான் ஒரு வீட்டின் குறையை இன்னொரு வீடு மூடிவிட்டது. அதாவது சாந்தாமணியின் சட்டம் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகச் செய்திருக்கிறது. என் மீசையை மழித்தது உலகத்தின் மிகப் பழைய நல்ல யோசனை.

இப்போது கெட்ட செய்தி. பெண் பாம்பு ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்துவை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைக்குமாம். கடையில் ஏதாவது நடந்திருந்தால், அப்போதும் குட்டி எல்லாம் ஆரஞ்சாகத்தான் வரும். "நோ வே டு டெல் பை லுக்கிங்" என்றார். பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நானே அவளைச் சந்தேகப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இமை இல்லாத கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 12, சனி

மளிகைக் கடையில், கறிவேப்பிலைக் கூடைக்குப் பக்கத்தில், திருமூர்த்தியைப் பிடித்து முழுவதையும் விளக்கினேன்.

"தூளாமா, பாலாமா, டைப் ஏ-வாமா! மாப்ளே, போன வருஷம் யோசெமிட்டில கரடிக்குக் கை குடுத்தேன்னு சொன்னவன்தானே நீ?"

"கரடிதான் முதல்ல நீட்டுச்சு."

"பாத்தியா!"

அதில்தான் மாட்டிக்கொண்டேன். இருபது வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் புளுகியிருக்கிறேன். அது என் கலை. ஆனால் வாழ்க்கையிலேயே ஒரு தடவை, அளவுகூடக் கூட்டாமல் உண்மையைச் சொன்னால், கேட்க ஆள் இல்லை. என்னைச் சொல்லட்டும். ஊரெல்லாம் 'ஓடிப்போன கருப்பாயி' என்கிறார்களே, அவ என்ன பண்ணினா பாவம்? வாயில்லா ஜீவன், அதுக்கு யார் பேசுவா?

"கருப்பாயி யோக்கியமானவ, மச்சா."

"நிரூபி. நிரூபிச்சுட்டீன்னா நானே உன்ற கராஜுக்குள்ள வந்து அவ முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கறேன்."

கராஜுக்குள்! திருமூர்த்தி! பில் போடுகிற பெண்ணைச் சாட்சியாக வைத்துச் சபதம் செய்தேன்: குட்டிகளுக்கு அப்பன் கரிகாலன்தான் என்று நிரூபிக்கும்வரை இந்த முகத்தில் மீசை முளைக்காது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

யுத்த ஆலோசனை. பதினான்கில் ஒருத்தியை வைத்துக்கொண்டேன். பவளம் என்று பெயர். மற்றவற்றை வால்டர் எடுத்துக்கொண்டார்.

பவளத்துக்குக் கரிகாலன்தான் அப்பா என்றால், அவளுக்குள் அவனுடைய 'பால் இல்லாத' பங்கு ஒன்று ஒடுங்கிக் கிடக்க வேண்டும். வெளியே தெரியாது. அதே பங்கு உள்ள ஒருவனோடு அவளைச் சேர்த்தால்தான் வெளியே வரும். கறுப்பாக ஒரு குட்டி வந்தால் போதும், வழக்கு முடிந்தது.

வால்டரின் யோசனை: "புட் ஹெர் பேக் வித் டாட்." அப்பாவோடேயே சேர்த்துவிடு. சாந்தாமணி காதுக்கு இது எட்டியது.

"அப்பனும் மகளுமா! அந்த வெல்டர இனி ஊட்டுப் படியேற உடாதீங்க."

பிறகு அவளே பெரிய மனதோடு ஒரு வழி சொன்னாள். "தாய்மாமன் இருக்கறானல்லோ? கருப்பாயி தம்பி? அவனுக்கு உரிமை இருக்குதுங்களே."

துள்ளிக் குதித்துத் திருமூர்த்திக்கு போன் செய்தேன். அவன் வரைகிற சிப்புக்கு இவ்வளவு மூளை செலவழித்திருந்தால் இந்நேரம் வைஸ் பிரெசிடென்ட் ஆகியிருப்பான்.

"தாய்மாமன் டைப் ஏ. அவன்கூடச் சேர்த்தா பவளத்துக்கு அம்மா யாருன்னு தெரியும். அம்மா யாருன்னு எவன்டா சந்தேகப்பட்டான்? நீ அப்பன் பக்கம் போகோணும்."

அப்பா பக்கம் என்றால் கரிகாலனின் தம்பி ஒருவன் வால்டரிடம் இருக்கிறான். சாந்தாமணி தலையை ஆட்டினாள். "சித்தப்பன், அப்பன் மாதிரியேதானுங். ஆகாது."

"வேற யாருமே இல்லையே, சாந்தா."

"கரிகாலனுக்குக் கூடப் பொறந்தவ ஒருத்திகூடவா இல்லை? அவளுக்கு ஒரு பையன் பொறந்தா அத்தை மகன். மொறையான மொறை."

மரபணுவுக்குச் சித்தப்பாவும் ஒன்றுதான், அத்தையும் ஒன்றுதான். என் மனைவிக்கு இல்லை. இருக்கிறாள்: கரிகாலனின் அக்கா, அதே டைப் பி கறுப்பு, ஃப்ரெஸ்னோவில் ஒரு பெண்மணியிடம். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவளுக்கு ஆகி, பையன் பிறந்து, அவன் வளர்ந்து, பவளமும் வளர்ந்து… மூன்று வருடம்.

மேலுதட்டில் காற்றடிக்கிறது.

1996 மே 14, செவ்வாய்

பவளம் நாற்பத்தோராவது எலியைத் தின்றாள். எருமை அளவு. (சுண்டுவிரல் அளவு.)

1996 செப்டம்பர் 2, திங்கள்

ஃப்ரெஸ்னோவிலிருந்து தகவல்: அத்தைக்கு ஒரு சாதாரண ஆரஞ்சுக்காரனோடு கல்யாணமாகி, பையன் பிறந்திருக்கிறான். ஆரஞ்சு. சாந்தாமணி பாயசம் வைத்தாள்.

1997 அக்டோபர் 11, சனி

மாப்பிள்ளை பார்க்கும் படலம். மூன்று மணி நேரம் காரில். சாந்தாமணி காஞ்சிப் பட்டு, மடியில் தட்டு, தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. வீட்டில் பதினாறு வயது மகள் கயல் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "திஸ் இஸ் ஸோ எம்பராஸிங். ஐம் நாட் கமிங்."

அத்தையை வளர்ப்பவள் டோலரஸ். பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறாள். கை இரண்டும் என் தொடை அளவு; இதில் மிகையே இல்லை. தட்டைப் பார்த்து அரை நிமிடம் விழித்துவிட்டு, "ஓ மை காட், தே ஆர் கெட்டிங் மேரீட்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஓடிப் போய் லாரி கம்பெனித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தலை சீவிக்கொண்டு வந்தாள்.

பையன் பெயர் ரஸ்டி. பளபளவென்று ஆரஞ்சு. அம்மா டைப் பி கறுப்பு என்பதால் இவனுக்குள் ஒரு பங்கு ஒடுங்கியிருப்பது உறுதி.

சாந்தாமணி என்னைப் பார்த்து, "கெட்ட பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களான்னு கேளுங்க" என்றாள்.

"எனி பேட் ஹேபிட்ஸ்?"

"பைட்ஸ் ஆன் மண்டேஸ்" என்றாள் டோலரஸ். திங்கட்கிழமைகளில் கடிப்பானாம்.

"அது நீங்களும்தான்" என்று சாந்தாமணி என்னிடம் சொல்லி, சம்மதம் தெரிவித்தாள். பையனைக் கொடுத்தாள் டோலரஸ். ஒரு பேரக்குட்டி தனக்கு வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திரும்பும் வழியில் ரஸ்டி, ரத்தினம் ஆகிவிட்டான்.

1998 மார்ச் 28, சனி

பவளம் – ரத்தினம் திருமணம். விருந்தினர் இல்லை. போன தடவை பட்டது போதும்.

கணக்கு இதுதான். இருவரும் ஆரஞ்சு, இருவருக்குள்ளும் ஒடுங்கிய பங்கு ஒவ்வொன்று இருந்தால், நாலில் ஒரு குட்டி கறுப்பு. பவளத்துக்குள் இல்லையென்றால், ஆயிரம் குட்டி வந்தாலும் ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. நாலில் ஒன்று என்பதும் சராசரிதான். சீட்டுக் கட்டைப் போல, சமயத்தில் கைக்கு ஒன்றுமே வராமலும் போகலாம். அப்படிப் போனால் கருப்பாயி ஓடிப்போனவளாகவே இருந்துவிடுவாள், நான் புளுகனாகவே இருந்துவிடுவேன்.

ஜூன் 6, சனி

ஒன்பது முட்டை. கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை. ஒன்பதேதான்.

ஜூலை 2, வியாழன்

இரண்டு முட்டை பூஞ்சை பிடித்துவிட்டது. ஏழு.

ஆகஸ்ட் 8, சனி

காலை எட்டு மணி. ஆரஞ்சு.

எட்டே முக்கால். ஆரஞ்சு.

பத்து. ஒரே சமயத்தில் இரண்டு. இரண்டும் ஆரஞ்சு.

மதியம் ஆரஞ்சு. சாப்பிடவில்லை.

மாலை நாலு. ஆரஞ்சு. ஆறு ஆயிற்று. ஏழாவது முட்டை அசையவே இல்லை. மற்றவற்றைவிடச் சின்னது, ஒரு பக்கம் உள்ளே குழிந்திருக்கிறது.

திருமூர்த்தி போன் செய்தான். கிண்டல் பண்ணுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

"மாப்ளே, உட்ரு. மூணு வருஷம் ஆச்சு. கருப்பாயிய நான் தப்பாவே நினைக்கல. நீ மீசை வெச்சுக்கோ, என்ன?"

ஐயோ, இதுக்கு அவன் சிரிச்சே இருக்கலாம்! பரிதாபப்படறான். என்னைப் பாத்து, திருமூர்த்தி! சரி சரி என்று வைத்துவிட்டேன். கயல் வந்து தோளைத் தொட்டு, "சாரி, அப்பா" என்றாள். தமிழிலேயே சொன்ன மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் துணி போடக் கராஜுக்குப் போன சாந்தாமணி போட்ட சத்தம் சாக்ரமென்டோ வரை கேட்டிருக்கும்.

"மாமா! ஓடியாங்க! ஏனுங், ஓடியாங்க! அப்புச்சி மூஞ்சி!"

ஏழாவது முட்டை. கீறல் வழியாக ஒரு தலை. அம்மாவைப் பெற்ற அப்புச்சி கரிகாலனின் தலை அப்படியே. கறுப்பு.

கறுப்பு! கறுப்பு! கறுப்பு!

ஆகஸ்ட் 10, திங்கள்

வருங்காலச் சந்ததியினர் அறிவதாவது: இன்று மாலை ஆறு மணிக்குத் திருமூர்த்தி என் கராஜுக்குள் பிரவேசித்தான். பின்னால் ஆயிரம் பேர். ஃப்ரீவே 880 இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. கருப்பாயி முன் சாஷ்டாங்கமாக விழுந்தான். "தாயே! கற்பின் கனலே!" என்று கதறினான். அவன் கண்ணீரில் வாஷிங் மெஷின் மிதந்தது. ஆளுயர ரோஜா மாலை போட்டான். கருப்பாயி தலையை உயர்த்தி, போனால் போகட்டும் என்று மன்னித்தாள். ஏழாவது குட்டி விசிலடித்தது.

செப்டம்பர் 7, திங்கள்

லேபர் டே. விடுமுறை. மீசை ஒரு மாதத்து வளர்த்தி. கண்ணாடியில் பார்த்தேன். கறுகறுவென்று போன மீசை, பாதி வெள்ளையாகத் திரும்பி வந்திருக்கிறது. மழித்துக்கொண்டே இருந்ததால் நரைத்தது தெரியவே இல்லை.

ஏழாவது குட்டியைச் சாந்தாமணி மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிக்கொண்டு ரசம் வைக்கிறாள். டோலரஸுக்கு ஆரஞ்சில் ஒன்று கொடுத்தால் போதும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். மேஜைமேல் வைத்திருந்த இந்த நோட்டையும் படித்திருக்கிறாள்.

"ஏனுங் மாமா, திருமூர்த்தியண்ணன் எப்பங்க உளுந்து கும்புட்டாரு? ஆயிரம் பேர் எங்க நின்னாங்க? அவரு வந்ததே எனக்குத் தெரியாதே."

சரி. ஆயிரம் பேர் இல்லை. மாலை இல்லை. 880 எப்போதும் போல அதுவாகத்தான் நின்றது. அவன் விழவும் இல்லை. போனில் நான் சொன்னதைக் கேட்டு அன்று அவன் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துவிட்டான். கராஜ் பெரிய கதவு திறந்திருந்தது. நான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, தவறி விழுந்த எலியை எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு அடி வைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்துக்கொண்டு, எனக்கே அரைகுறையாகக் கேட்கும் குரலில், "நாலு பேர் சிரிக்கறாங்கன்னு சொல்லிட்டேன் சாமி, மனசுல வெச்சுக்காதே" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அது மட்டும் நிஜம்.